ஸ்டேடியத்தின் முதுகு

தீசிஸ் ஜூரி நடக்கும் நாளில் கட்டடக்கலைக் கல்லூரிக்குள் நுழைந்தால் பசை வாசனையும் தூக்கக் கலக்கமும் சேர்ந்து அடிக்கும். ஐந்து வருடப் படிப்பின் கடைசிக் கண்டம் அது. மூன்று நாளாகக் குளிக்காத பையன் ஒருவன் ஷீட்டுகளைச் சுவரில் குத்திக்கொண்டிருப்பான். மாடலின் கூரை கழன்றுவிட்டதென்று ஒரு பெண் ஃபெவிக்விக் தேடி ஓடிக்கொண்டிருப்பாள். எனக்கு வாய்த்த ஜூரிகளில் வருடத்துக்கு ஒரு ஸ்டேடியமாவது வந்துவிடும். அது வந்தால் அதன் முதல் ஷீட்டில் என்ன இருக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஒரு தாமரை இருக்கும். இல்லையென்றால் சங்கு, காளையின் திமில், யாழ், நெசவாளியின் பாவு. அதிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, இரண்டாவது படத்தில் சங்கு கொஞ்சம் சப்பையாகி, மூன்றாவதில் கோடுகளாகி, நான்காவதில் ஸ்டேடியமாகிவிடும். அடுத்த ஷீட் முழுக்க அந்தக் கோடுகளை கிராஸ்ஹாப்பர் மென்பொருளில் எப்படிப் பின்னினார் என்ற விவரம். அதற்கடுத்தது அந்தி வெளிச்சத்தில் மினுங்கும் ரெண்டர், வானத்தில் பறவைகள் உட்பட. படிக்கட்டு எங்கே என்று கேட்டால் எட்டாவது ஷீட்டின் ஓரத்தில் இருக்கிறது என்பார்கள்.

மாணவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஜூரி மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே, "ஃபசாடுக்கு கான்செப்ட் என்னப்பா?" என்பதுதான். கேட்பதைத்தானே பையன் கொண்டுவருவான்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. அதை நேர்மையாகவே எடுத்து வைக்கிறேன். பலவீனமாகச் சொல்லிவிட்டு வீழ்த்துவதில் பெருமை இல்லை. ஸ்டேடியத்தின் உட்புறம் எங்கும் ஒன்றேதான். ஆடுகளத்தின் அளவை விளையாட்டு விதிகள் சொல்லிவிடும், இருக்கை வரிசைகளைக் கணக்கு சொல்லிவிடும். சிட்னியானாலும் சேப்பாக்கமானாலும் கிண்ணம் கிண்ணம்தான். ஆகவே கட்டடக் கலைஞர் தன் கற்பனையைக் காட்ட மிஞ்சியிருப்பது வெளித்தோல் ஒன்றே. ஊர் அடையாளம் அங்கேதான் ஒட்டும். பெய்ஜிங்கைப் பாருங்கள், மியூனிக்கைப் பாருங்கள். தவிரவும், தீசிஸ் என்பது வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கட்டுத்தளை இல்லாமல் கனவு காணக் கிடைக்கும் வாய்ப்பு. அங்கேயும் போய்ப் படிக்கட்டு எண்ணச் சொல்வது என்ன நியாயம்?

இதில் ஒவ்வொரு வரியும் தவறு என்பது என் கட்சி.

வீட்டுக்கு முகம் உண்டு. தெருவைப் பார்த்துத் திண்ணை போட்டு, வாசலில் கோலமிட்டு, வருகிறவரை எதிர்கொள்ளும் கட்டடம் அது. ஸ்டேடியம் வேறு சாதி. ஊர்த் திடலில் தெருக்கூத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைத் தள்ளி நின்று பார்த்திருப்பீர்கள். வெளியே நிற்பவருக்கு என்ன தெரியும்? வரிசை வரிசையாக முதுகுகள் தெரியும். ஸ்டேடியம் என்பது அந்தக் கூட்டம் கான்கிரீட்டாக உறைந்துபோனதுதான். எல்லாக் கண்களும் நடுவைப் பார்க்கின்றன. ஊருக்கு அது காட்டுவது தன் முதுகை. நாம் ஃபசாட், அதாவது முகப்பு, என்று சொல்லிக்கொள்வது கேலரியின் அடிப்புறமும் பின்புறமும். முதுகுக்குப் பவுடர் பூசி முகம் என்று நம்பவைப்பதில்தான் ஐந்தாம் ஆண்டு மாணவரின் ஆறு மாதம் போகிறது.

'கிண்ணம் எங்கும் ஒன்றுதான்' என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். கேலரியில் உட்கார்ந்திருப்பவர் முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலாக எல்லைக்கோட்டைப் பார்க்க வேண்டும். பின்னாலிருப்பவரின் பார்வைக்கோடு முன்னாலிருப்பவரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதை 'சி வேல்யூ' என்பார்கள். 90 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 60-க்குக் கீழே போனால் ஆட்டத்துக்குப் பதில் முன்சீட்டுக்காரரின் தொப்பியைத்தான் பார்க்க வேண்டும். இந்த 90-ஐ ஒவ்வொரு வரிசைக்கும் காப்பாற்றிக்கொண்டு பின்னால் போகப்போக, படியின் உயரம் கூடிக்கொண்டே போகும். அதனால் கேலரி நேர்கோட்டில் ஏறுவதில்லை. மெல்ல வளைந்து செங்குத்தாகிறது. அதன் அடிவயிறு வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெருவின்மேல் குடைபிடிக்கிறது. அந்தச் சாய்வு கூடுமா குறையுமா என்பதை மைதானத்தின் அளவும், முதல் வரிசை களத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும், மனையின் நெருக்கமும் தீர்மானிக்கின்றன. பவுண்டரி 65 கெஜத்திலிருந்து 90 கெஜம்வரை இருக்கலாம் என்னும் கிரிக்கெட்டுக்கும், கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கை போடக்கூடிய கால்பந்துக்கும் ஒரே கிண்ணம் எப்படி வரும்? ஒரே மனையில் கிழக்கு கேலரிக்கும் மேற்கு கேலரிக்குமே ஒன்றாக வராது. மாலை வெயில் யார் கண்ணில் குத்துகிறது என்று ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இனி, எட்டாவது ஷீட்டின் ஓரத்துக்குப் போன படிக்கட்டு.

பிரிட்டனில் விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி நூல் உண்டு; 'கிரீன் கைடு' என்று தொழிலில் பெயர். உலகம் முழுக்க ஸ்டேடியம் வரைகிறவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதன் கணக்குப்படி ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம். ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேற அதிகபட்சம் 8 நிமிடம். ஆக, ஒரு மீட்டர் படிக்கு 528 பேர். நம் மாணவர் 40,000 பேருக்கு ஸ்டேடியம் வரைகிறார் என்று வையுங்கள். எல்லோரும் படியிறங்கித்தான் போக வேண்டுமென்றால் 76 மீட்டர் அகலத்துக்குப் படி வேண்டும். இரண்டு மீட்டர் அகலத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தால் 38 படிக்கட்டு.

இப்போது அந்த 38-ஐ எங்கே வைப்பது? கிரிக்கெட் களமும் சுற்றிலும் கேலரியும் சேர்த்து 230 மீட்டர் குறுக்களவு என்று தோராயமாக வைத்துக்கொண்டால் வெளிச்சுற்று 720 மீட்டர் வரும். 19 மீட்டருக்கு ஒரு படிக்கட்டு. இதுதான் அந்தக் கட்டடத்தின் தாளம். சங்கிலிருந்தும் திமிலிலிருந்தும் தேடிக்கொண்டிருந்த தாளம் இங்கே கணக்கிலேயே உட்கார்ந்திருந்தது. 19 மீட்டருக்கு ஒருமுறை ஆட்கள் ஏறி இறங்கும் சாய்கோடு. இடையில் கழிப்பறை, தண்ணீர், டீ, பப்ஸ் விற்கும் கடை. அதற்கு மேலே சாய்ந்த கேலரியின் நிழல். இதை நேர்மையாக வரைந்து முடிக்கும்போது முகப்பு முக்கால்வாசி முடிந்துவிடும். முதலில் தோலை வரைந்துவிட்டவருக்கோ ஒவ்வொரு படிக்கட்டும் ஒரு தொந்தரவு. அழகான பின்னலைக் கிழித்துக்கொண்டு ஆட்கள் வெளியே வருகிறார்கள்! அதனால் பத்துப் படிக்கட்டோடு நிறுத்திக்கொள்கிறார். ஜூரியும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1985-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஸ்டேடியத்தில் நடந்ததைத்தான் முன்பெல்லாம் உதாரணம் சொல்வேன். பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் செத்துப்போனார்கள்; பின்பக்க வழிகள் பலவும் பூட்டியிருந்தன. இப்போது அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில், ஐபிஎல் கோப்பை வென்றதைக் கொண்டாட வந்த கூட்டம் நெருக்கியடித்து 11 பேர் இறந்தார்கள். உள்ளே கேலரியில் இல்லை, களத்தில் இல்லை. கட்டடமும் தெருவும் சந்திக்கும் கோட்டில் நடந்தது. யார் அழைத்தார்கள், யார் அனுமதித்தார்கள் என்ற குற்றப் பொறுப்பைப் பற்றி நான் பேச வரவில்லை; அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் விசாரித்த மைக்கேல் டி'குன்ஹா ஆணையம் (ஜெயலலிதா வழக்கில் 2014-ல் தீர்ப்பெழுதிய அதே நீதிபதிதான்) பெருங்கூட்ட நிகழ்ச்சிகளுக்கு அந்த அரங்கின் அமைப்பே ஏற்றதல்ல என்று சொன்னதை ஒவ்வொரு கட்டடக்கலை வகுப்பிலும் எழுதிப் போட வேண்டும். ஃபசாட் என்று நாம் செல்லமாக அழைப்பது அந்தக் கோட்டைத்தான். வாசலுக்கு முன்னால் கூட்டம் தேங்கி நிற்க எவ்வளவு இடம், கேட் திறக்காவிட்டால் பின்னால் திரும்பிப் போக வழி உண்டா என்பதெல்லாம் முகப்பு டிசைனின் கேள்விகள். இவற்றை விட்டுவிட்டு வேறு எதை முகப்பு என்கிறோம்?

இந்த இடத்தில் வழக்கமாக ஒருவர் கோபுரத்தைக் கூப்பிடுவார். 'நம் மரபே முகப்பு மரபுதானே சார், கோபுரம் இல்லாத மதுரை உண்டா?' என்பார். நல்ல கேள்வி, ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. கோபுரம் எங்கே நிற்கிறது? வாசலின் தலைமேல் நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் நான்கு திசைக் கோபுரங்களும் செய்கிற முதல் வேலை, மைல் தொலைவிலிருந்து நடந்து வருகிறவருக்கு 'நுழைய வேண்டிய இடம் இது' என்று காட்டுவது. கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் மதில். அங்கே யாரும் சிற்பம் செதுக்கி நேரத்தை வீணாக்கவில்லை. தீசிஸ் ஸ்டேடியங்களின் தோலோ சுற்றிலும் ஒரே மாதிரி ஓடும். எது வாசல், எது சுவர் என்று தெரியாது. கடைசியில் ஏ4 தாளில் 'கேட் நம்பர் 7' என்று பிரிண்ட் எடுத்து ஒட்டித்தான் ஆட்களை உள்ளே விட வேண்டியிருக்கும். சேப்பாக்கத்தில் பழைய ரசிகர்கள் இன்றைக்கும் 'பட்டாபிராமன் கேட்' என்று பெயர் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். ஒரு கேட்டுக்குப் பெயர் நிலைத்திருக்கிறது. எந்தப் பின்னல் வடிவத்துக்கு அப்படி நிலைத்தது?

சரி, பெய்ஜிங்.

பறவைக்கூட்டைக் காட்டாத ஸ்டேடியம் தீசிஸ் இல்லை. ஹெர்சாக் அண்டு டி மியூரான் வடிவமைத்து, சீனக் கலைஞர் ஐ வெய்வெய் ஆலோசகராக இருந்து, 2008 ஒலிம்பிக்ஸுக்காக எழுந்தது. மாணவர் ஷீட்டில் கதை இப்படி ஓடும்: கூடு என்ற கருத்து, அதிலிருந்து வடிவம். நடந்தது அப்படி இல்லை. அந்த அரங்குக்கு முதலில் திறந்து மூடும் கூரை கேட்டிருந்தார்கள். அதைத் தாங்க இணையிணையாகப் பெரிய உத்திரங்கள் போட வேண்டியிருந்தது. அந்த உத்திரங்கள் துருத்திக்கொண்டு தெரியாமலிருக்க, அவற்றினூடே தாறுமாறாகத் தோன்றும்படி வேறு எஃகுச் சட்டங்களை ஓட்டினார்கள். அதாவது ஒரு கூரைச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு அது. 2004-ல் செலவைக் குறைக்கத் திறந்து மூடும் கூரையை நீக்கிவிட்டார்கள். கதவு போய் நிலை மட்டும் நின்றது. அந்த நிலையைத்தான் உலகமே படமெடுத்துக்கொண்டது. உள்ளே கான்கிரீட் கேலரி, வெளியே எஃகுக் கூடு. இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. எஃகு மட்டும் 40,000 டன்னுக்கும் மேல். அதற்கடுத்த ஒலிம்பிக்ஸுக்கு லண்டனில் ஏறத்தாழ அதே அளவு கூட்டத்துக்குக் கட்டிய ஸ்டேடியம் சுமார் 10,000 டன்னில் முடிந்தது. பறவைக்கூடு அழகாக இல்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை, அழகுதான். ஆனால் அதைக் 'கருத்திலிருந்து வடிவம்' என்ற பாடத்துக்கு உதாரணமாக்குவது, பிரசவ வலியைச் சொல்லாமல் குழந்தையை மட்டும் காட்டுவது போல.

லண்டன் என்றதும் அந்தத் துணி ஞாபகம் வருகிறது. அங்கேயும் ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு போர்வை திட்டமிட்டார்கள். 2010-ல் அரசு செலவுக் குறைப்பில் 70 லட்சம் பவுண்டு மிச்சமென்று அதைத் தூக்கிவிட்டார்கள். ஸ்டேடியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை கூரையாக நின்றது, படி படியாக நின்றது. நீக்கினால் கட்டடத்துக்கு ஒரு குறையும் வராத பாகத்தை என்னவென்று சொல்வது? அடுத்த வருடம் டவ் கெமிக்கல் நிறுவனம் காசு கொடுத்து 336 துணிப் பட்டைகளாக அதைத் திரும்பக் கொண்டுவந்தது. போபால் விஷவாயுவின் யூனியன் கார்பைடை 2001-ல் வாங்கிய நிறுவனம். இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பியது, துணியில் தன் பெயர் வராது என்று டவ் ஒப்புக்கொண்டது, அதற்குப் பிறகும் லண்டனில் ஒலிம்பிக் கண்காணிப்புக் குழுவிலிருந்து ஒருவர் பதவி விலகினார். போட்டி முடிந்ததும் துணியைக் கழற்றிவிட்டார்கள். கட்டடத்தோடு சம்பந்தமில்லாத தோல் எப்போதும் விளம்பரப் பலகையாகவே முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தேடினாலும் கிடைக்காது.

தீசிஸ் மாணவரின் விளையாட்டாக மட்டும் இது இருந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். நம் நாட்டில் இப்போது அதுவே அரசு வேலையாகிவிட்டது. 2023 செப்டம்பரில் வாராணசிக்குப் பக்கத்தில் கஞ்சாரியில் 30,000 பேருக்கான கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பிறை வடிவில் கூரை, திரிசூல வடிவில் விளக்குக் கம்பங்கள், முகப்பில் வில்வ இலை வடிவில் உலோகத் தகடுகள் என்று அரசு அறிவிப்பிலேயே அடுக்கியிருந்தார்கள். அப்படியே ஒரு தீசிஸின் முதல் ஷீட். சிவன்மேலும் காசிமேலும் எனக்குக் குறை கிடையாது. என் குறை தகட்டின்மேல். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு விஷயம்தான் உட்காருபவருக்கு உதவும்: கங்கைப் படித்துறையைப் போன்ற இருக்கை அமைப்பு. படித்துறையும் கேலரியும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. ஆயிரக்கணக்கானவர்களைப் படிப்படியாக உட்காரவைத்து ஒரே பக்கம் பார்க்கவைக்கின்றன. காசியின் கட்டடக் கலையில் ஸ்டேடியத்துக்கு எடுத்துக்கொள்ள இருப்பது அது. வில்வத் தகடு மே மாத வெயிலில் காய்ந்து, பின்னாலிருக்கும் நடைகூடத்துக்கு அனலை அனுப்புவதைத் தவிர வேறென்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

'ஓட்டை போட்ட தகடு காற்றை விடும், ஜாலி மாதிரி' என்று மாணவர்கள் பதில் வைத்திருப்பார்கள். ஜாலி என்னும் ஓட்டைச் சுவர் ஓர் அறைக்கு நல்லது. ஸ்டேடியத்தில் காற்று வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும். சுற்றிலும் தோலைப் போர்த்து மேலே கூரையையும் நீட்டிவிட்டால் நடுவில் இருப்பது குக்கர். சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் டெஸ்டில் டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் அடித்தார். அவுட்டானபின் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. டையில் முடிந்த ஆட்டம். அந்தப் புழுக்கத்துக்குக் கேலரிதான் காரணம் என்று சொல்லமாட்டேன், மெட்ராஸ் மெட்ராஸ்தான். ஆனால் மெரினா கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, மத்தியானத்துக்குமேல் எழும் கடற்காற்றை உள்ளே விடுவதா மறிப்பதா என்பது கட்டடம் எடுக்க வேண்டிய முடிவு.

அந்த முடிவை 2011 உலகக் கோப்பைக்கு முன் ஒருவிதமாக எடுத்தார்கள். லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நடராஜ் அண்டு வெங்கட்டும் சேர்ந்து ஐ, ஜே, கே கேலரிகளைப் புதிதாகக் கட்டினார்கள். பார்வையை மறைத்த பழைய தூண்களும் கூரையும் போயின; கம்பிவடங்களில் இழுத்துக் கட்டிய வெள்ளை மென்படலக் கூரை வந்தது. இருக்கைகள் 36 டிகிரியில் செங்குத்தாக ஏறின. கேலரிக்கும் கேலரிக்கும் இடையே சந்து விட்டார்கள், காற்று வர. வெளியே ஒரு தகடு இல்லை, சங்கு இல்லை. வாலாஜா சாலையிலிருந்து பார்த்தால் அந்த வெள்ளைக் கூம்புகளை வைத்தே சேப்பாக்கம் என்று குழந்தையும் சொல்லும். அடையாளம் தானாக வந்தது. யாரும் அதைத் தேடி யானையின் தும்பிக்கையை வரைந்துகொண்டிருக்கவில்லை.

அதே கேலரிகள் பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்த கதையும் தெரியும்தானே? பக்கத்துக் கட்டடத்தோடு விட வேண்டிய இடைவெளி உள்ளிட்ட அனுமதிச் சிக்கல். ஏறத்தாழ 12,000 இருக்கைகள் டிவியில் காலியாகத் தெரிந்துகொண்டே இருந்தன. எவ்வளவு அழகான கூரையையும் சில மீட்டர் சந்து பூட்டுப் போட்டுவிடும். எந்த ஜூரியிலாவது சைட் பிளானில் அந்தச் சந்தை அளந்து கேட்டிருப்பார்களா?

மியூனிக்கை விட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அலையன்ஸ் அரீனாவை நான் ஒப்புக்கொள்கிறேன். 2005-ல் திறந்தது, காற்றடைத்த மென்படல மெத்தைகளால் மூடிய உடம்பு. உள்ளிருந்து விளக்கேற்றினால் முழுக் கட்டடமும் நிறம் மாறும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரின் கால்பந்து அணிகளான பேயர்னும் டிஎஸ்வி 1860-உம் ஒரே மைதானத்தில் ஆடின. ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதுக்கு நீலம். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு பங்காளிகள் போல. இன்றைக்கு வீடு யாருடையது என்று தெருவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தோல் ஒரு நிஜச் சிக்கலைத் தீர்த்தது. 2017-ல் 1860 அங்கிருந்து போய்விட்டது என்பது வேறு விஷயம். அதை நகலெடுத்து, ஒரே ஓர் அணி மட்டும் ஆடப்போகும் ஊரில், கடலோர உப்புக் காற்றில், மெத்தைக்குள் காற்றடைக்கும் பம்பு நின்றால் யார் வருவார் என்று யோசிக்காமல் வரைந்து வருகிறார்களே, அங்கேதான் நான் பேனாவை மூடுகிறேன். உப்பில் எஃகு என்ன ஆகும், ஓட்டைத் தகட்டுக்குப் பின்னால் புறா எத்தனை குடும்பம் நடத்தும், அதை யார் எதில் ஏறிக் கழுவுவார் என்று கேட்டால் மாணவர் என்னை ஒரு மேஸ்திரியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். மேஸ்திரி கேட்கும் கேள்விதான் அது.

கனவு பற்றிச் சொன்னார்கள் அல்லவா? அந்த வாதம்தான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. தோலைத் தாண்டிப் போனால் கனவு முடிந்துவிடும் என்று யார் சொன்னது? போர்ச்சுகலில் பிராகா என்ற ஊரில் எட்வார்டோ சோட்டோ டி மோரா 2003-ல் கட்டிய ஸ்டேடியத்துக்குப் போய்ப் பாருங்கள், படத்திலாவது. மலையோரக் கல்குவாரிக்குள் வைத்தார். கேலரி இரண்டே பக்கம்தான். ஒரு கோலுக்குப் பின்னால் ஆளே இல்லை, செங்குத்தான பாறை நிற்கிறது; எதிர்க் கோலுக்குப் பின்னால் ஊர் விரிகிறது. இரண்டு கேலரிக் கூரைகளையும் களத்துக்கு மேலாகக் கம்பிவடங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஃபசாட் என்று ஒன்றை யாரும் போர்த்தவில்லை. கட்டடக் கலையின் பிரிட்ஸ்கர் பரிசு 2011-ல் அவருக்குப் போனது. இதைவிடப் பெரிய கனவை எந்த கிராஸ்ஹாப்பர் பின்னலில் பார்த்தீர்கள்?

மிலானின் சான் சீரோ இன்னொன்று. 1926-ல் தொடங்கி அடுக்கடுக்காக வளர்ந்தது. 1955-ல் இரண்டாவது அடுக்கு ஏற்றியபோது அதற்கு ஏறிப்போகச் சாய்தளங்களைக் கட்டடத்தைச் சுற்றியே ஓட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சாய்கோடுகள்தான் முகப்பு. ஆட்ட நாளில் ஆயிரக்கணக்கானோர் அதில் ஏறும்போது கட்டடமே மெல்லச் சுழல்வது போலிருக்கும். 1990-ல் மூன்றாவது அடுக்குக்காக உருளைக் கோபுரங்கள் 11 வந்தன. மூலையில் இருக்கும் நான்கு கோபுரங்கள் கூரையின் சிவப்பு உத்திரங்களைத் தாங்குகின்றன. அங்கே ஒவ்வொரு முகப்புக் கோட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஃபுளோரன்ஸில் நெர்வி 1932-லேயே இதைச் செய்துகாட்டிவிட்டார்: கேலரிக்கு வெளியே காற்றில் சுருண்டு ஏறும் கான்கிரீட் படிக்கட்டுகள். அவர் எஞ்சினியர், காண்ட்ராக்டரும்கூட. காசைக் கணக்குப் பார்த்தவர். எண்பது தொண்ணூறு வருடமாக மாணவர்கள் படமெடுப்பது எதை? படிக்கட்டை.

வெளிநாடே வேண்டாம். ஆமதாபாத் நவரங்புராவில் சார்ல்ஸ் கொரியா 1960-களில் கட்டிய சர்தார் படேல் ஸ்டேடியம் இருக்கிறது. எஞ்சினியர் மகேந்திர ராஜ். மடிப்பு மடிப்பாகக் கான்கிரீட். கேலரியைத் தாங்கும் அதே சட்டம் மேலே போய்க் கூரையாகவும் நீள்கிறது. இந்தியாவில் முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி 1981 நவம்பரில் நடந்தது அங்கேதான். அந்தச் சட்டங்களின் வரிசையே முகப்பு. எடுத்துவிட்டால் கேலரி விழும். லண்டன் துணியை எடுத்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று ஆமதாபாத் என்றால் எல்லோரும் 1,32,000 பேர் உட்காரும் மோட்டேராவைத்தான் சொல்கிறார்கள். கொரியாவின் கட்டடம் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2020-ஆம் ஆண்டுக் கவனிப்புப் பட்டியலில் இடம்பிடிக்கும் நிலைக்கு வந்தது. என் மாணவர்களில் அதைக் கேஸ் ஸ்டடியாக எடுத்தவர் இதுவரை ஒருவர். அந்தப் பெண்ணிடமும் ஜூரியில் ஒருவர், "இது ரொம்ப ப்ளெய்னா இருக்கேம்மா" என்றார்.

இன்னொரு கணக்கு. எலிவேஷன் என்று ஷீட்டில் வரைவது எல்லையில்லாத் தொலைவிலிருந்து பார்க்கும் பார்வை. ரெண்டர் பருந்துப் பார்வை. பெல்ஸ் ரோட்டில் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர் கட்டடத்திலிருந்து ஐந்தாறு மீட்டரில் நிற்கிறார். அவருக்குத் தெரிவது போலீஸ் தடுப்பு, மதில், முன்னால் நிற்பவரின் மஞ்சள் பனியன், தலைக்குமேல் கேலரியின் அடிவயிறு. அந்த அடிவயிற்றிலிருந்து மழைத்தண்ணீர் தலையில் கொட்டுமா, குழாயில் இறங்குமா? அதுதான் அவருக்கு ஃபசாட். வில்வ இலை ஹெலிகாப்டரில் போகிறவருக்கு.

சென்ற வருடம் ஒரு பையன் சோழி வடிவ ஸ்டேடியம் ஒன்றைக் கொண்டுவந்தான். சோழியின் பற்களைப் போல இடைவெளிவிட்ட தகட்டுத் தோல்; உண்மையிலேயே நன்றாக வரைந்திருந்தான். இறுதி ஜூரிக்கு முந்தைய பார்வைதான், நேரமிருந்தது. "தம்பி, 40,000 பேர் சொன்னே இல்ல, இப்படி வந்து உட்காரு" என்று அவனோடு உட்கார்ந்து 66-ஐ எட்டால் பெருக்கினோம். 76 மீட்டர் என்றதும் கால்குலேட்டரை இன்னொருமுறை தட்டினான். 38 வந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து அவனுடைய பிளானில் 19 மீட்டருக்கு ஒன்றாகக் குறித்துக்கொண்டே போனான். பதினாலாவது குறிக்கு வரும்போது முகம் தொங்கிவிட்டது.

"சார், தோல் முழுக்கக் கிழிஞ்சிடுச்சே."

"எத்தனை இடத்தில?"

மறுபடி எண்ணினான். கிழிந்த இடங்களுக்கு நடுவில் மிஞ்சியிருந்த தோலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சிலைத் திருப்பி ரப்பர் பக்கத்தால் அதையும் அழிக்க ஆரம்பித்தான்.